உபுண்டு 26.04: எதிர்ப்புக் குரல்களில் எவை எங்கள் ஆய்வகத்துக்குப் பொருந்தும்?

ஆய்வகப் பொறுப்பாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஒரு கலை அறிவியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. எங்கள் கணினிகள் எல்லாவற்றிலும் உபுண்டு 24.04 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு பெறும் லினக்ஸ் பதிப்பு) இயங்குகிறது. 2026 ஏப்ரல் 23 அன்று 26.04 எல்டிஎஸ் வெளிவரவிருப்பதால், ஜூன் மாதம் கல்லூரி திறப்பதற்குள் எல்லாக் கணினிகளையும் அதற்கு மாற்றிவிடலாமா என்று துறைத்தலைவர் கேட்கிறார். பதில் சொல்வதற்கு முன்பு இணையத்தில் பயனர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். படித்த பிறகு குழப்பம்தான் கூடியிருக்கிறது.

திரையில் சன்னல்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11இன் அமர்வை அடியோடு எடுத்துவிட்டார்கள், இனி பாதி மென்பொருள்கள் ஓடாது என்கிறார்கள் சிலர். குனூ கட்டளைகளைத் தூக்கிவிட்டு ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டவற்றை வைத்தது துரோகம் என்கிறார்கள் வேறு சிலர். நிர்வாக அதிகாரத்தோடு கட்டளைகளை இயக்க உதவும் சூடோவில் கடவுச்சொல் தட்டும்போது நட்சத்திரக் குறிகள் தெரிகின்றன என்பதற்காக ஒரு நீண்ட சண்டையே நடந்திருக்கிறது. இவற்றுக்கு நடுவே, எதைக் கேட்டாலும் "மின்ட் என்ற வேறு லினக்ஸுக்குப் போய்விடுங்கள்" என்று மட்டும் பதில் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் பயன்பாடு எளிமையானது. தமிழ்த்துறை மாணவர்கள் லிப்ரெஆபிஸில் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்கிறார்கள். கணினி அறிவியல் மாணவர்கள் பைத்தானும் ஷெல் நிரல்களும் பழகுகிறார்கள். ஆசிரியர் தம் இருக்கையிலிருந்தே மாணவர் திரைகளைப் பார்ப்பதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. உள்நுழையும்போது தானாக இயங்கி, வலப்பக்க ஆல்ட் விசையை மொழிமாற்ற விசையாக்கும் ஒரு சிறு நிரலை எனக்கு முன்பு இருந்தவர் எழுதி வைத்திருக்கிறார். அதில் செட்எக்ஸ்கேபிமேப், எக்ஸ்மோட்மேப் ஆகிய இரண்டு கட்டளைகளும் இருக்கின்றன. சில கணினிகளில் என்விடியா ஜிடி 710 அட்டைகள் உள்ளன. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, மேலே சொன்ன எதிர்ப்புகளில் எதை நான் பொருட்படுத்த வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வீர்களா?

முனையவாசி

வணக்கம் ஐயா. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்: "எக்ஸ்11 போய்விட்டது" என்பதும் "எக்ஸ்11 மென்பொருள்கள் ஓடா" என்பதும் வெவ்வேறு செய்திகள். இப்போது நீங்கள் 24.04இன் உள்நுழைவுத் திரையில், கடவுச்சொல் கேட்கும் இடத்தில், வலது கீழ் மூலையிலுள்ள பற்சக்கரக் குறியைச் சொடுக்கினால் எக்ஸ்11 அமர்வைத் தேர்ந்தெடுக்கலாம் அல்லவா? அந்தத் தேர்வுதான் 2025 அக்டோபரில் வந்த 25.10 பதிப்பிலேயே நீக்கப்பட்டது, 26.04இலும் திரும்ப வரப்போவதில்லை, ஏனெனில் உபுண்டுவின் திரைமுகமான குனோமின் 50ஆம் பதிப்பில் அந்த அமர்வுக்கான நிரல் பகுதியையே எடுத்துவிட்டார்கள். ஆனால் எக்ஸ்11ஐ நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் அதற்கு மாற்றாக வந்த வேலண்ட் என்ற புதிய திரை முறையிலும் எக்ஸ்வேலண்ட் என்ற இடைநிலை வழியாகத் தொடர்ந்து ஓடும். பழைய மென்பொருள்களில் பெரும்பாலானவை அதில் ஓடுவது அவற்றின் பயனருக்கே தெரியாது.

உண்மையில் உடைபவை, தம் சன்னலுக்கு வெளியே கைநீட்டும் மென்பொருள்கள்தாம். எக்ஸ் சன்னல் முறையின் பதினொன்றாம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. ஒரே திரையில் ஓடும் நிரல்கள் ஒன்றையொன்று நம்பும் என்ற எண்ணத்தில் அமைந்தது. அதனால் ஒரு நிரல் மற்றொரு நிரலின் சன்னலைப் படம் பிடிக்கலாம், அங்கே தட்டப்படும் விசைகளைக் கேட்கலாம், தானே விசை தட்டியதுபோல் அனுப்பலாம். உங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவர் பின்னணியில் ஓடவிட்ட சின்ன நிரல், அதே அமர்வில் நீங்கள் முனையத்தைத் திறந்து தட்டும் நிர்வாகக் கடவுச்சொல்லைப் பதிவுசெய்துவிட முடியும் என்பதே இதன் பொருள். வேலண்ட் இந்தக் கதவை மூடுகிறது. திரையைப் பார்க்க விரும்பும் மென்பொருள் குனோமிடம் கேட்க வேண்டும். குனோம் பயனரிடம் ஒப்புதல் கேட்கும்.

ஆகவே உங்கள் பட்டியலில் எனக்குக் கவலை தருவது ஆசிரியர் திரை பார்க்கும் மென்பொருள்தான். அந்த வகை மென்பொருள்கள் மாணவரிடம் ஒப்புதல் கேட்காமல் திரையைப் படிக்கும் வகையில் எழுதப்பட்டவை. வேலண்டில் கறுப்புத் திரையைக் காட்டும், அல்லது ஒவ்வொரு கணினியிலும் ஒப்புதல் சாளரம் எழும்பும். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் இணையதளத்தில் வேலண்ட் ஆதரவு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். குனோமிலேயே தொலைத்திரை வசதி இருக்கிறது. 46ஆம் பதிப்பு முதல் ஆர்டிபி என்ற தொலைத்திரை நெறிமுறை வழியாக வெளியிலிருந்து உள்நுழையவும் முடிகிறது. ஆனால் ஒரு கணினியைத் தொலைவிலிருந்து பழுதுபார்க்க உதவும் வசதி அது. வகுப்பு முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் மென்பொருளுக்கு ஈடாகாது.

ஜிடி 710 பற்றி: அது கெப்ளர் தலைமுறை அட்டை. என்விடியாவின் 470 வரிசை இயக்கியோடு அதன் ஆதரவு முடிந்துவிட்டது. குனோம் வேலண்ட் எதிர்பார்க்கும் ஜிபிஎம் (காட்சி நினைவகத்தைக் கையாளும் இடைமுகம்) ஆதரவு என்விடியா இயக்கியில் 495ஆம் வரிசையில்தான் வந்தது. ஆகவே அந்தக் கணினிகளில் நூவோ என்ற திறந்தமூல இயக்கியையே வைத்துக்கொள்ளுங்கள்; ஆவணம் தட்டவும் உலாவி திறக்கவும் அது போதும்.

தமிழ்99 தட்டுபவர்

மேலே சொன்னவர் தொடாத ஒன்று உங்கள் உள்நுழைவு நிரல். செட்எக்ஸ்கேபிமேப்பும் எக்ஸ்மோட்மேப்பும் எக்ஸ் வழங்கியிடம் மட்டுமே பேசத் தெரிந்த கட்டளைகள். வேலண்ட் அமர்வில் அவை தோற்காமல் ஓடி முடிந்துவிடலாம், ஆனால் நேராக வேலண்டில் ஓடும் மென்பொருள்களில் எந்த மாற்றமும் இராது. முதல் நாள் வகுப்பில் "ஆல்ட் விசை வேலை செய்யவில்லை" என்று மாணவர்கள் சொல்லும்போது, நிரல் சரியாக ஓடியதாகவே உங்களுக்குத் தெரியும்; காரணத்தைத் தேடி அலைவீர்கள். அந்த நிரலை இப்போதே ஒழித்துவிட்டு, அதே மாற்றத்தைக் குனோமின் உள்ளீட்டு அமைப்புகளில் எக்ஸ்கேபி (விசைப்பலகை அமைப்பு முறை) விருப்பமாகக் கொடுத்துவிடுங்கள். குனோமின் அமைப்புகள் சேமிக்கப்படும் டிகான்ஃபில் கணினி அளவிலான இயல்பு அமைப்பாக அதை ஒருமுறை எழுதிவிட்டால் எல்லா மாணவர் கணக்குகளுக்கும் பொருந்தும். இது 24.04இலும் வேலை செய்யும் என்பதால், மாற்றத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

தமிழ்99ஐப் பொறுத்தவரை, நீங்கள் எந்தத் தமிழ்99ஐப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பாருங்கள். உபுண்டுவில் அந்தப் பெயரில் இரண்டு வகை உண்டு. ஒன்று எக்ஸ்கேபி அமைப்பில் வருவது. ஒரு விசைக்கு ஓர் எழுத்துக்குறி என்ற அளவில் மட்டும் இயங்கும். 'க'வை இருமுறை தட்டினால் முதல் 'க'வுக்குப் புள்ளி தானாக விழுந்து "க்க" ஆவது போன்ற தமிழ்99 விதிகளை அதனால் செய்ய முடியாது. மற்றொன்று ஐபஸ் என்ற உள்ளீட்டு முறைக் கட்டமைப்பு வழியாக எம்17என் தொகுப்பில் வருவது. விதிகளை அறிந்தது இதுதான், உங்கள் மாணவர்கள் பழகியதும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். இரண்டும் வேலண்டில் இயங்குகின்றன. குனோம் ஐபஸைத் தனக்குள்ளேயே இணைத்து வைத்திருப்பதால், லிப்ரெஆபிஸிலும் ஃபயர்பாக்ஸிலும் தட்டுவதில் எனக்குத் தொல்லை இல்லை.

தொல்லை தரக்கூடியவை எலக்ட்ரான் வகை மென்பொருள்கள், அதாவது உலாவியையே உள்ளே பொதிந்து வரும் அரட்டை மென்பொருள்களும் நிரல் எழுதிகளும். அவற்றில் சில எக்ஸ்வேலண்டில் ஓடும், சில நேராக வேலண்டில் ஓடும். இரண்டிலும் ஐபஸ் பேசும் வழி வேறு. சோதிக்கும்போது "தமிழ்" என்று தட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். "கொக்கு", "மன்னன்", "ஸ்ரீ" ஆகியவற்றைத் தட்டுங்கள். ஓர் எழுத்து இன்னும் அடிக்கோட்டுடன் முடிவாகாத நிலையில் இருக்கும்போதே சுட்டியால் வேறிடத்தில் சொடுக்கிப் பாருங்கள், அது தங்குகிறதா மறைகிறதா என்று. உள்ளீட்டு முறையில் குறை இருந்தால் அங்கேதான் வெளிப்படும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக் கோப்புகள் இருந்தால் அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவை எழுத்துருவைச் சார்ந்தவை, திரை முறையைச் சார்ந்தவை அல்ல.

கட்டளைவரிப் பிரியர்

ரஸ்ட் பற்றிய எதிர்ப்பில் நியாயமும் இரைச்சலும் கலந்திருக்கின்றன. நான் அறிந்தவரை பிரித்துச் சொல்கிறேன்.

எல்எஸ், டேட், சார்ட் போன்ற அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பைக் குனூ கோர்யூட்டில்ஸ் என்பார்கள். 25.10 முதல் உபுண்டு அதற்குப் பதிலாக யூயூட்டில்ஸ் என்ற ரஸ்ட் தொகுப்பை இயல்பாக வைத்தது. சூடோவுக்குப் பதிலாகச் சூடோ-ஆர்எஸ்ஸை வைத்தது. பயன்பாட்டில் என்ன நடந்தது என்பதற்கு 2025 அக்டோபரிலேயே ஒரு சான்று கிடைத்தது. ஒரு கோப்பு கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்கும் விருப்பத்தேர்வுடன் டேட் கட்டளையை அழைத்தால், புதிய டேட் அதைக் கவனியாமல் தற்போதைய நேரத்தையே சொல்லிவிட்டது. தானியங்கிப் புதுப்பிப்பைச் சரிபார்க்கும் நிரல் அந்த விடையை நம்பியிருந்ததால், பல கணினிகளில் புதுப்பிப்புகளைத் தானாகத் தேடுவதே நின்றுபோயிற்று. திருத்தம் விரைவில் வந்தது. ஆனாலும் இத்தகைய பிழை எவ்வளவு அமைதியாக வருகிறது என்பதைக் கவனியுங்கள்: கட்டளை தோற்றிருந்தால் யாராவது உடனே பார்த்திருப்பார்கள், அது தோற்கவில்லை, பொய்யான விடையை ஒழுங்காகத் தந்தது. உங்கள் ஆய்வகத்தில் காப்பெடுக்கவோ மாணவர் கோப்புறைகளைத் துப்புரவாக்கவோ ஷெல் நிரல்கள் இருந்தால், அவற்றின் விடைகளை 24.04இல் ஒருமுறையும் 26.04இல் ஒருமுறையும் எடுத்து ஒப்பிடுங்கள். தேவைப்பட்டால் குனூ தொகுப்பை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். களஞ்சியத்தில் அது இருக்கிறது.

சூடோவை மாற்றியதன் காரணத்தை எதிர்ப்பாளர்கள் பலர் சொல்வதில்லை. 2021 ஜனவரியில் பழைய சூடோவில் ஒரு நினைவகக் குறையைக் குவாலிஸ் நிறுவனத்தார் வெளியிட்டார்கள். அந்தக் கணினியில் சாதாரணக் கணக்கு ஒன்று வைத்திருக்கும் எவரும், சூடோ அனுமதி இல்லாமலேயே, ரூட் எனும் முழு நிர்வாக அதிகாரத்தைப் பெற்றுவிட முடியும். அந்தக் குறை 2011 ஜூலை முதல், அதாவது ஏறத்தாழ பத்தாண்டுகள், யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. மாணவர் ஒவ்வொருவருக்கும் கணக்கு கொடுத்திருக்கும் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இது நேரடி ஆபத்து. அந்த வகைக் குறை எழாதபடி மொழியின் விதிகளே தடுப்பதால்தான் ரஸ்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்காக ரஸ்ட்டில் எழுதினால் குறையே வராது என்று சொல்வதற்கும் இல்லை. 2025 நவம்பரில் சூடோ-ஆர்எஸ்ஸிலும் குறைகள் வெளிப்பட்டன: கடவுச்சொல்லைப் பாதி தட்டி விட்டுவிட்டால், காத்திருப்பு நேரம் முடிந்தவுடன் தட்டிய பாதி முனையத்தில் வெளியே தெரிந்துவிடும் என்பது அவற்றுள் ஒன்று. நினைவகத்தோடு தொடர்பில்லாத தர்க்கப் பிழை அது. எந்த மொழியாலும் அதைத் தடுக்க இயலாது.

நட்சத்திரக் குறிகள் பற்றிய சண்டையில் எனக்கு ஒரு பக்கமும் இல்லை. தோளுக்குப் பின்னால் நிற்பவர் கடவுச்சொல்லின் நீளத்தை எண்ணிவிடுவார் என்பது எதிர்ப்பாளர் வாதம். மறுபக்கம், தட்டும்போது எதுவுமே தெரியாத பழைய முறையில் முதலாண்டு மாணவர்களுக்கு முனையம் கற்பித்தவர்கள், "ஐயா, விசைப்பலகை வேலை செய்யவில்லை" என்ற குரலை ஒவ்வொரு ஆண்டும் கேட்டிருப்பார்கள். லினக்ஸ் மின்ட்டில் பல ஆண்டுகளாகவே நட்சத்திரங்கள்தாம். பிடிக்காதவர்கள் சூடோவர்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்து அணைத்துவிடலாம்.

உரிமம் பற்றிய மனக்குறையை மட்டும் நான் இலேசாகத் தள்ளமாட்டேன். குனூ கோர்யூட்டில்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. மாற்றி வெளியிடுபவர் மூலநிரலையும் கொடுத்தாக வேண்டும். யூயூட்டில்ஸ் எம்ஐடி உரிமத்தில் வருகிறது. அந்தக் கட்டாயம் அதில் இல்லை. இயங்குதளத்தின் அடித்தளக் கருவிகள் ஒவ்வொன்றாக இப்படி மாறிக்கொண்டே போனால் என்னவாகும் என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அதே கோபத்தைச் சூடோ மேலும் காட்டுகிறவர்கள், பழைய சூடோவும் ஜிபிஎல் அல்ல, தளர்வான ஐஎஸ்சி உரிமத்தில் வருவதே என்பதைப் பார்க்கவில்லை.

வார்ட்டி வார்த்தாக் காலத்துப் பயனர்

மேலே உள்ளவர்கள் எல்லாரும் எதிர்ப்பாளர்களைச் சற்றே சிறுவர்களாக நடத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உபுண்டுவின் வரலாற்றில் பயனர்களின் கூச்சல் வீணாகப் போன இடங்களும் உண்டு, முடிவையே புரட்டிப்போட்ட இடங்களும் உண்டு.

2011 ஏப்ரலில் வந்த 11.04இல் யூனிட்டி திரைமுகம் இயல்பானபோது எழுந்த எதிர்ப்பை, உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் பொருட்படுத்தவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து 2017இல், உபுண்டுவைக் கைப்பேசியிலும் ஓட்டும் கனவு பலிக்காததால் அவர்களே அதைக் கைவிட்டார்கள். 2012இல் 12.10 பதிப்பில், பயனர் தம் கணினியில் தேடும் சொற்களை நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்பி அமேசான் பொருள்களைக் காட்டினார்கள். குனூ திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை உளவுமென்பொருள் என்றே சொன்னார். 16.04இல்தான் அதை இயல்பாக அணைத்து வைத்தார்கள்.

ஆனால் 2019 ஜூனை நினைத்துப் பாருங்கள். 19.10 முதல் 32 பிட் தொகுப்புகள் கிடையா என்று அறிவித்தார்கள். பழைய விளையாட்டுகள் ஓடா என்று விளையாட்டுத் தளமான ஸ்டீம் தரப்பும், தங்கள் மென்பொருளே முடங்கும் என்று, விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டும் வைன் தரப்பும் சொல்லின. எந்தெந்த நூலகங்கள் தேவை என்று பெயர் பெயராகச் சொல்ல முடிந்தது. ஒரே வாரத்தில், தேவையான 32 பிட் தொகுப்புகளைத் தொடர்ந்து தருவோம் என்று கனோனிக்கல் இறங்கி வந்தது.

வேலண்ட் விஷயத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 17.10இல் வேலண்டை இயல்பாக்கினார்கள். அடுத்த எல்டிஎஸ்ஸான 18.04இல் பின்வாங்கி மீண்டும் எக்ஸுக்கே வந்தார்கள். திரைப் பகிர்வு, தொலைத்திரை, குனோம் ஷெல் முறிந்தால் திறந்திருக்கும் வேலை போய்விடாமல் மீள்வது ஆகிய மூன்றையும் காரணமாகச் சொன்னார்கள். இடைக்காலப் பதிப்பில் தட்டிப் பார்த்து எல்டிஎஸ்ஸில் முடிவெடுப்பது அவர்கள் வழக்கம். இம்முறை 25.10 அந்தச் சோதனைக் களமாக இருந்தது. எக்ஸ் திரும்பவில்லை, ஏனெனில் இப்போது குனோமே கைவிட்டுவிட்டது. ஆகவே "எக்ஸ்11ஐத் திரும்பக் கொடு" என்று இன்று எழுதுவது காற்றில் கத்தி வீசுவது. "இன்ன மென்பொருளில் இன்ன செயல் இப்படித் தவறுகிறது" என்று உபுண்டுவின் வழுப் பதிவுத் தளமான லாஞ்ச்பேடில் வழு பதிந்தால் கேட்கிறார்கள். டேட் கட்டளை திருத்தப்பட்டது அப்படித்தான்.

மின்ட்டுக்குப் போகச் சொல்பவர்களையும் ஏளனம் செய்யாதீர்கள். மின்ட் 22 வரிசை 24.04இன் மேல் கட்டப்பட்டது. சினமன் திரைமுகம் இன்னும் எக்ஸ்11இல்தான் இயல்பாக ஓடுகிறது. ஆசிரியர் திரை பார்க்கும் மென்பொருளுக்கு மாற்றே இல்லை என்றால் அது உண்மையான வழி. உபுண்டுக் குடும்பத்திலேயே இருக்க விரும்பினால் எக்ஸ்எஃப்சிஇ திரைமுகத்துடன் வரும் க்சுபுண்டு இருக்கிறது.

ஆய்வகப் பொறுப்பாளர்

நால்வருக்கும் நன்றி. திரை பார்க்கும் மென்பொருளின் தளத்தைப் பார்த்தேன். வேலண்ட் அமர்வுக்கு முழு ஆதரவு இல்லை என்றே எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் ஜூனில் மாற்ற வேண்டாம் என்று துறைத்தலைவரிடம் சொல்லலாமா? பழைய பதிப்பில் இருப்பது பாதுகாப்புக்குக் கேடு என்று அவர் கருதுகிறார்.

முனையவாசி

தாராளமாகச் சொல்லலாம் ஐயா. 24.04க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2029 வரை வரும். அதில் தங்குவது பழைய பதிப்பில் ஒட்டிக்கொண்டிருப்பது ஆகாது. மேலும், 24.04இலிருந்து நேரே மேம்படுத்தும் அறிவிப்பை உபுண்டுவே ஏப்ரலில் காட்டாது. ஆகஸ்டில் வரவேண்டிய 26.04.1க்குப் பிறகுதான் காட்டும். அவர்களே எல்டிஎஸ் பயனர்களை அதுவரை காத்திருக்க வைக்கிறார்கள் என்பதைத் துறைத்தலைவரிடம் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்வார்.

இடைப்பட்ட காலத்தில், ஜிடி 710 உள்ள ஒரு கணினியையும் இல்லாத ஒரு கணினியையும் எடுத்துக்கொண்டு, சோதனைப் படிமத்தை யூஎஸ்பியில் ஏற்றி நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். உங்கள் மென்பொருள்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, முனையத்தில் எக்ஸ்எல்எஸ்கிளையன்ட்ஸ் என்ற கட்டளையை இயக்கினால், எக்ஸ்வேலண்டில் ஓடுபவற்றின் பெயர்கள் மட்டும் வரிசையாக வரும். அந்தப் பட்டியலில் இருப்பவற்றில் தமிழ்99 நண்பர் சொன்ன சொற்களைத் தட்டிப் பார்த்து, தவறுபவற்றைக் குறித்துக்கொண்டு இங்கே பதியுங்கள்; எவற்றுக்கு முன்பே வழு பதியப்பட்டிருக்கிறது என்று சேர்ந்து தேடிப் பார்க்கலாம்.